தாதாபாய் நௌரோஜி: வறுமைக்குக் கணக்குக் கேட்ட பெரியார்

ஒரு நாடு செல்வத்திற் சிறத்தலும் மற்றொரு நாடு வறுமையிற் கிடத்தலும் எக்காரணம் பற்றி என்னும் வினாவை ஆராய்ந்த அறிஞர் பலர். 1776ஆம் ஆண்டில் ஆதாம் சிமித் என்பார் இதனையே பொருளாகக் கொண்டு பெருநூல் ஒன்று யாத்தனர். அவர் செல்வம் பெருகிவரும் நாட்டில் இருந்துகொண்டு நோக்கியவர். வறுமையுற்ற நாட்டின் பக்கல் நின்று அதே வினாவை எண்களைக் கொண்டு எழுப்பியவருள் முதல்வைத்து எண்ணப்படுபவர் தாதாபாய் நௌரோஜி ஆவர். அவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம். கல்லூரி மலரில் அவருக்கு இடமளித்தல் பொருத்தமே. அரசியலிற் புகுமுன் அவர் ஆசிரியர். ஆசிரியராகுமுன் இலவசக் கல்வி பெற்ற ஏழை மாணவர்.

அவர் 1825ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆந் திகதி பார்சிக் குருமார் குடியொன்றிற் பிறந்தார். நான்கு வயதிலே தந்தையை இழந்தார். எழுத்தறியாத அன்னையே அவரைப் பேணி வளர்த்துப் பம்பாயில் எல்பின்ஸ்டன் கலாசாலையிற் படிப்பித்தார். பொதுப் பணத்தாற் கற்றவன் பொதுமக்களுக்குக் கடன்பட்டவன் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் அக்காலத்திலேயே வேரூன்றிற்று. முப்பது வயது நிரம்புமுன் அக்கலாசாலையிலேயே கணிதத்துக்கும் இயற்கை விஞ்ஞானத்துக்கும் பேராசிரியரானார். இந்தியர் ஒருவர் அப்பதவியைப் பெற்றது அதுவே முதன்முறை. 1849ஆம் ஆண்டில் நண்பரோடு கூடிப் பெண்பிள்ளைகளுக்கு வகுப்புகள் தொடக்கியதும், 1851இல் 'ராஸ்த் கோப்தார்' என்னும் பத்திரிகையை நிறுவியதும் இக்காலத்தனவே.

1855இல் வணிகப் பங்காளராக இங்கிலாந்து சென்றார். அந்த வணிகசாலை அபினியும் மதுவும் விற்று ஈட்டும் ஊதியம் அவர் மனத்துக்கு ஒவ்வாமையால் அதனின்றும் நீங்கித் தனியே பருத்தி வாணிகம் நடத்தினார். இலண்டன் யூனிவர்சிற்றிக் கல்லூரியிற் குசராத்தி மொழிப் பேராசிரியராகவும் இருந்தார். 1866இல் கிழக்கிந்தியச் சங்கத்தைத் தாபித்தார். 1874இல் சிறிதுகாலம் பரோடாவிலே திவானாக இருந்து வெறுப்புற்று விலகினார்.

அவர் வாழ்நாளின் நடுநாயகமாகிய செயல் 1876இல் நிகழ்ந்தது. இந்தியாவின் வறுமை பற்றி அவ்வாண்டு அவர் பம்பாயில் வாசித்த கட்டுரைகளே அது. இந்தியா வளம்பெற்று வருகின்றது என அரசாங்கத்தார் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டு வந்தனர். நௌரோஜியார் அவ்வறிக்கைகளையே எடுத்துக்கொண்டு, மாகாணந்தோறும் விளைநிலம் எவ்வளவு, ஏக்கர் ஒன்றின் விளைவு யாது, அதன் விலை யாது எனக் கணித்துச் சென்றார். அங்ஙனஞ் செல்லுங்கால் அதிகாரிகள் சராசரி காண்பதிற் பிழை செய்திருத்தலைக் கண்டார். பல மாவட்டங்களின் ஏக்கர் விளைவைக் கூட்டி, மாவட்டத் தொகையால் வகுத்து, அதனையே மாகாணச் சராசரி எனக் கொண்டிருந்தனர். ஒரு மாவட்டத்தில் 1 இலட்சம் ஏக்கர், ஏக்கருக்கு 12 ரூபா விளைவு. இன்னொன்றில் 9 இலட்சம் ஏக்கர், ஏக்கருக்கு 4 ரூபா விளைவு என வைத்துக்கொள்வோம். அதிகாரிகள் வழியிற் சராசரி 8 ரூபா. நிலத்தின் பரப்பையுஞ் சேர்த்துக் கணித்தால் 5 ரூபாவுக்குங் குறைவு. நம் கீழ்வகுப்பு மாணவருங் காணக்கூடிய இப்பிழை ஒரு பேரரசின் ஏடுகளில் ஆண்டுக்கணக்காக இருந்தது. கணித ஆசிரியர் ஒருவரே அதனைக் காணவேண்டியிருந்தது என்பது நமக்குச் சிறிது மகிழ்ச்சி தருவதாகும்.

அவர் கண்ட முடிவு: பிரித்தானிய இந்தியாவில் ஆளொருவருக்கு ஆண்டு வருவாய் 20 ரூபா. இத்தொகை சிறிதோ பெரிதோ என்பதனை அளத்தற்கு அவர் எடுத்த கோல் சிறைச்சாலை. சென்னை மாகாணத்தில் ஆளொருவர்க்கு வரும் விளைபொருள் 18 ரூபா. அங்கே சிறையாளி ஒருவனுக்கு உணவுக்கும் உடைக்கும் ஆண்டிற் செலவாவது 53 ரூபா. குற்றமற்ற உழவன் குற்றவாளியிலுங் குறைய உண்டான் என்பதே இதன் பொருள். அக்கட்டுரைகள் வெளிவந்த அதே காலத்தில், 1876 முதல் 1878 வரை, அம்மாகாணத்தைக் கொடும்பஞ்சம் பீடித்தது. நம் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நடந்து வந்த தொழிலாளருட் பெரும்பாலார் அம்மாகாணத்தவரே.

இனி, வறுமைக்குக் காரணம் யாது? மக்கட்பெருக்கம் என்றனர் சிலர். சோம்பல் என்றனர் சிலர். நௌரோஜியார் துறைமுகக் கணக்கை நோக்கினார். வாணிகஞ் செய்யும் நாடு அனுப்பிய பண்டத்தின் விலையோடு ஊதியமுஞ் சேர்த்துப் பெறல் வேண்டும். இந்தியாவோ அனுப்பியதினுங் குறையவே ஆண்டுதோறும் பெற்றது. இலண்டனிற் செலவாகும் நிருவாகச் செலவு, ஓய்வுபெற்ற அதிகாரிகளின் பென்சன், கடன் வட்டி, உத்தியோகத்தர் தம்மூருக்கு அனுப்பும் மிச்சம் ஆகிய இவ்வாய்க்கால்கள் வழியாகச் செல்வம் வடிந்தது. முதல் சேராத நாட்டில் தொழில் வளர்வது எங்ஙனம்? வடிவது பணம் மாத்திரமன்று என்பது அவர் கருத்துள் மிக நுண்ணியது. முப்பதாண்டு ஆண்டு பழகிய அதிகாரி தாயகந் திரும்புங்கால், அந்நாட்டின் செலவிற் பெற்ற அனுபவ அறிவையும் உடன்கொண்டு போகின்றான். அவ்விடத்தில் இந்தியன் ஒருவன் இருந்திருப்பின், ஓய்வுபெற்ற பின்னும் அவ்வறிவு ஊரிலே தங்கியிருக்கும்.

வறுமை முழுவதையும் இவ்வொன்றன்மேற் சுமத்துதல் மிகையென்பது நம் எண்ணம். வடிந்த தொகை எவ்வளவு என்பதிற் பொருளியலார் இன்றும் மாறுபடுவர். அவர் தாமுங் காலந்தோறும் வெவ்வேறு தொகை கூறினார். ஆயினும் அவரை மறுக்க வந்தவர் கண்டது என்ன? 1882இல் அரசாங்க அதிகாரிகள் கணித்தது 27 ரூபா. 1901இல் கேர்சன் பிரபு கூறியது 30 ரூபா. வழக்குச் சில ரூபாவைப் பற்றியதாகச் சுருங்கிற்று.

1888இல் இங்கிலாந்துப் பிரதமர் சோல்ஸ்பரி பிரபு, கறுப்பர் ஒருவரை ஆங்கில வாக்காளர் தெரிவு செய்யார் என்னும் பொருள்படப் பேசினார். 1892இல் மத்திய பின்ஸ்பரி வாக்காளர் 5 வாக்கு மிகுதியால் நௌரோஜியாரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அவர் தம் வேதமாகிய அவெஸ்தாவைத் தொட்டுச் சத்தியஞ் செய்து ஆசனத்தில் அமர்ந்தார். சிவில் சேவைப் பரீட்சையை இந்தியாவிலும் ஏககாலத்தில் நடத்தல் வேண்டுமென்பது அவர் நெடுநாட் கோரிக்கை. 1893இல் பாராளுமன்றம் அதற்கு இணங்கித் தீர்மானித்தது. அரசாங்கம் அதனைக் கிடப்பிற் போட்டது. 1895இல் ஆசனத்தை இழந்தார். அதே ஆண்டில் இந்தியச் செலவினங்களை ஆராயும் அரச ஆணைக்குழுவில் அங்கத்தவராகி, பின்னர் அக்குழுவின் முன்னிலையிற் சாட்சியமுங் கூறினார்.

1901இல் கட்டுரைகளை நூலாக வெளியிட்டார். 1886லும் 1893லும் காங்கிரசு மகாசபைக்குத் தலைமை தாங்கியவர், எண்பத்தோராம் வயதில், 1906இல், கல்கத்தாவில் மூன்றாம் முறையும் தலைமை தாங்கிச் சுயராச்சியமே குறிக்கோள் என்றார். நெடுங்காலம் ஆங்கிலேயரின் நீதியுணர்ச்சியை நம்பி வாதாடியவர் வாயில் அச்சொல் வந்தமை பலரை வியப்பித்தது. 1917ஆம் ஆண்டு ஜூன் 30ஆந் திகதி பம்பாயிற் காலமானார். அவர் கேட்ட பரீட்சை இந்திய மண்ணில் முதன்முதலாக நடந்தது 1922இல், அலகாபாத்தில்.