பேட் தரவில்லை, பந்து மட்டும்தான்... 4 ரூபாய் சம்பளக்காரர் இங்கிலாந்தில் 114 விக்கெட் எடுத்த கதை!

இப்போது ஒரு பொடியன் பந்து வீச வந்தாலே கூடவே கோச் வருகிறார். வீடியோ எடுக்கிறார்கள். வேகத்தை அளக்க மெஷின் வைக்கிறார்கள். 130 வருடத்துக்கு முன்னால் புனேயில் ஒரு வாலிபருக்கு இது எதுவுமே கிடையாது. கையில் துடைப்பம், இழுக்க ஒரு ரோலர், அவ்வளவுதான். அவர்தான் இந்திய கிரிக்கெட்டின் முதல் பெரிய பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு.

நம்மில் பல பேருக்கு இந்த பெயரே புதுசாக இருக்கும். டெஸ்ட் ரெக்கார்டுகளில் தேடினாலும் கிடைக்காது. இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932–ல். அப்போது பாலுவுக்கு வயது 56.

மாதம் 3 ரூபாய்

பாலு பிறந்தது 1876–ம் ஆண்டு, கர்நாடகத்தில் உள்ள தார்வாடில். வளர்ந்தது புனேயில். அப்பாவுக்கு கிர்க்கியில் உள்ள வெடிமருந்து ஆலையில் வேலை. தோல் தொழில் செய்யும் சமூகம். தீண்டத்தகாதவர்கள் என்று ஊரே ஒதுக்கி வைத்திருந்த காலம் அது.

ராணுவ அதிகாரிகள் ஆடிவிட்டு தூக்கி போட்ட பழைய பேட், பந்தை எடுத்து வந்து பாலுவும் தம்பி சிவராமும் கிரிக்கெட் பழகினார்கள். படிப்பு பாதியில் நின்றது. வீட்டுக்கு காசு வேண்டும். பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் பாலு வேலைக்கு சேர்ந்தார். மைதானத்தை பெருக்க வேண்டும், பிட்சில் ரோலர் உருட்ட வேண்டும். சம்பளம் மாதம் 3 ரூபாய். எப்போதாவது உறுப்பினர்களுக்கு பந்து போடலாம்.

1892–ல் வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்புக்கு மாறினார். ஒரு ரூபாய் சேர்த்து 4 ரூபாய் கொடுத்தார்கள். வலை கட்டுவது, ரோலர் உருட்டுவது, டென்னிஸ் கோர்ட்டுக்கு கோடு போடுவது எல்லாம் இவர் வேலை. கூடவே, துரைகள் பேட்டிங் பழகும்போது பந்து போடவும் சொன்னார்கள்.

பார்த்து பார்த்து பழகியது

சொல்லித்தர ஆள் இல்லை. ஆனால் பார்க்க ஆள் இருந்தது. பார்ட்டன் என்று ஒரு ராணுவ கேப்டன். இடது கை பந்து வீச்சாளர். அவர் ஓடி வருவதும் கையை சுற்றுவதும் எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி அவ்வளவு லேசாக இருக்கும். பாலுவும் இடது கைதான். பார்ட்டனை பார்த்து அந்த ஆக்ஷனை அப்படியே பிடித்துக்கொண்டார்.

பிடித்தது ஒரு நாளில் நடந்திருக்கலாம். அது உடம்பில் ஊறியது பல வருடத்தில். தினமும் மணிக்கணக்கில் பந்து போட்டார். ஒருவர் போனால் இன்னொரு துரை பேட்டோடு வந்து நிற்பார். ஒவ்வொருவர் ஆட்டமும் ஒவ்வொரு தினுசு. இவர் மட்டும் அதே ஓட்டம், அதே கை. மாறுவது பந்துதான். ஒரு பந்து வெளியே திரும்பும், அடுத்தது உள்ளே வரும். ஒன்று மிதந்து மெதுவாக வரும், இன்னொன்று சட்டென்று வந்துவிடும். கையை பார்த்து எது வரும் என்று கண்டுபிடிப்பது பேட்ஸ்மேனுக்கு கஷ்டம். நாள் முழுக்க வீசினாலும் பந்து நினைத்த இடத்தில்தான் விழும்.

இத்தனை வருடத்தில் பூனா கிளப்பில் ஒரு தடவை கூட அவர் கையில் பேட் கொடுக்கவில்லை. பேட்டிங் எஜமானர்களுக்கு, பந்து வீச்சு வேலைக்காரனுக்கு என்பதுதான் கணக்கு. அதனால்தான் இவ்வளவு பந்து போட முடிந்தது என்று சிலர் சொல்வது உண்டு. இருக்கட்டும். அதற்காக அந்த அநியாயத்துக்கு சலாம் போட முடியாது.

எட்டணா துரை

கிளப்பில் ஜே.ஜி.கிரேக் என்று ஒரு அதிகாரி இருந்தார். இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார பேட்ஸ்மேன்களில் பெரிய கை. இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் அணிக்கும் ஆடியவர். மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து பாலுவை பந்து போட சொல்வார். தன்னை ஒவ்வொரு தடவை அவுட் ஆக்கும்போதும் எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதை உண்டு. கணக்கு போட்டு பாருங்கள், 8 தடவை அவுட் ஆக்கினால் ஒரு மாத சம்பளம்! கிரேக்குக்கு பேட்டிங் முன்னேறியது, பாலுவுக்கு பந்து வீச்சு முன்னேறியது.

புனேயில் இந்துக்களின் கிளப் ஒன்று வெள்ளைக்காரர்களை தோற்கடிக்க துடித்துக்கொண்டிருந்தது. பாலுவை சேர்த்தால் ஜெயிக்கலாம். ஆனால் கிளப்பில் பிராமணர்கள் அதிகம். சேர்க்கலாமா, கூடாதா என்று பெரிய தகராறே நடந்தது. கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். இத்தனைக்கும் பந்து தோலில் செய்தது. ஆனால் டீ இடைவேளையில் அவருக்கு மட்டும் மண் குவளையில், பெவிலியனுக்கு வெளியே வைத்து கொடுத்தார்கள். சாப்பாடும் தனியாகத்தான்.

பூனா கிளப் அணியையே அந்த இந்து அணி தோற்கடித்தது. சதாராவில் வெள்ளைக்காரர்கள் ஒரு வாரம் விடாமல் ரோலர் உருட்டி, பந்து திரும்பாத பிட்ச் போட்டு வைத்தார்களாம். அங்கேயும் பாலு 7 விக்கெட் எடுத்தார் என்பார்கள். ரோலர் உருட்டியே வளர்ந்தவரிடம் போய் ரோலர் வேலையை காட்டியிருக்கிறார்கள்!

மும்பையில் 109 ரன் வெற்றி

பிறகு மும்பைக்கு வந்தார். அங்கே ரெயில்வேயில் வேலை, ரெயில்வே அணியில் ஆட்டம். இந்து ஜிம்கானா அணியிலும் இடம் கிடைத்தது. 1906–ம் ஆண்டு பிப்ரவரி மாதம் மும்பையில் ஐரோப்பியர் அணியுடன் மோதல். இந்து அணி 242 ரன், 160 ரன். ஐரோப்பியர் 191, பிறகு 102 ரன்னில் சுருண்டது. வெற்றி 109 ரன் வித்தியாசத்தில். 2 இன்னிங்சிலும் சேர்த்து பாலுவுக்கு 8 விக்கெட். சாதி பார்க்காமல் ஆள் எடுத்ததால் ஜெயித்தார்கள் என்று அப்போதே பேச்சு எழுந்தது.

35 வயதில் இங்கிலாந்து

1911–ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் அகில இந்திய அணி கப்பல் ஏறியது. பாலுவுக்கு 35 வயது. தம்பி சிவராமும் கூட போனார். மகாராஜா சில போட்டிகளில் மட்டும் ஆடிவிட்டு விருந்து, விழா என்று போய்விட்டார். அணி 23 போட்டியில் 15–ல் தோற்றது.

அந்த அணியில் ஒருவர் மட்டும் தனியாக தெரிந்தார். புது ஊர், குளிர், ஈர மண். தெரியாத பேட்ஸ்மேன்கள். பாலு எதையும் மாற்றவில்லை. பூனா கிளப்பில் வலைக்குள் வீசிய அதே லேசான ஆக்ஷன், அதே கை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 103 ரன் கொடுத்து 8 விக்கெட். லெஸ்டர்ஷயர் அணியை 11 விக்கெட் எடுத்து கவிழ்த்தார். அந்த போட்டியில் இந்தியாவுக்கு வெற்றி. மொத்த பயணத்தில் 114 விக்கெட், அதில் 75 முதல் தர போட்டிகளில். யார்க்ஷயரின் இடது கை சுழல் மன்னன் வில்பிரட் ரோட்சோடு அவரை ஒப்பிட்டார்கள்.

கேப்டன் நாற்காலி

இவ்வளவு செய்தவருக்கு இந்து அணியின் கேப்டன் பதவி கொடுக்கவில்லை. வருடா வருடம் பேச்சு வரும், வருடா வருடம் வேறு ஆள் வருவார். 1920–ல் அணியில் இருந்தே பாலுவை தூக்கினார்கள். தம்பிகள் சிவராம், விட்டல் 2 பேரும் நாங்களும் ஆட மாட்டோம் என்று விலகிவிட்டார்கள். ஊரில் பெரிய சத்தம். கடைசியில் பாலுவை துணை கேப்டனாக திரும்ப அழைத்தார்கள். அந்த போட்டியில் கேப்டன் எம்.டி.பாய் கொஞ்ச நேரம் வேண்டுமென்றே மைதானத்தை விட்டு வெளியே இருந்தார். அந்த நேரத்துக்கு மட்டும் பாலு கேப்டன். 3 வருடம் கழித்து, 1923–ல் தம்பி விட்டல் கேப்டன் ஆனார். கோப்பையும் ஜெயித்தார்.

பந்தை விட்ட பிறகு பாலு அரசியலுக்கு வந்தார். இளம் வயதில் இவரை ஹீரோவாக பார்த்தவர் அம்பேத்கர். ஆனால் தனித்தொகுதி விவகாரத்தில் 2 பேரும் எதிரெதிர் பக்கம். சென்னையின் எம்.சி.ராஜாவும் பாலுவும் ஒரே கருத்து, கூட்டுத் தொகுதிதான் வேண்டும் என்றார்கள். 1932–ல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் பாலுவின் கையெழுத்தும் இருக்கிறது. 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை மும்பையில் அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் ஜெயித்தார்.

1955–ம் ஆண்டு ஜூலை மாதம் 4–ந் தேதி மும்பையில் பாலு காலமானார். முதல் தர கிரிக்கெட்டில் 33 போட்டி, 179 விக்கெட், சராசரி 15.21. இதில் முதல் விக்கெட் எடுத்தபோதே அவர் 30–ஐ நெருங்கியிருந்தார். அதற்கு முன்னால் புனேயில் 4 ரூபாய் சம்பளத்துக்கு எடுத்த விக்கெட்டுகளை யாரும் எழுதி வைக்கவில்லை.