ஆந்திரே சித்ரோயன்

மோட்டார் வண்டியைக் கண்டவர் யாவரென வினவின், விடை கூறுவார் பலர். அவ்வண்டியை இன்று நாம் காணும் அமைப்பிற்கு மிக அணுக்கமாகக் கொணர்ந்து பெருந்தொகையிற் செய்து விற்க முற்பட்டு, அம்முயற்சியிலே தம் பொருள் முழுவதையும் இழந்தவர் ஒருவர் இருந்தார் என்பதை அறிந்தாரோ சிலரே. அவரே பிரெஞ்சு நாட்டு ஆந்திரே சித்ரோயன். இயந்திர நூல் பயிலாத தமிழ் மாணவன் இவ்வரலாற்றை எழுதப் புகுந்தது எற்றுக்கு எனச் சிலர் நகைக்கலாம். பொறியின் நுட்பம் பொறிவல்லார்க்கே புலனாகும். ஆயின், தாம் சமைத்த தேரின் காலிலே தாமே அகப்பட்டார் ஒருவரின் கதை யாவர்க்கும் பொதுவன்றோ?

இவர் 1878ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5ஆம் நாள் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். குலத்தால் யூதர். தந்தையார் ஆம்ஸ்டர்டாம் நகரினின்றும் வந்து குடியேறிய வைர வணிகர்; தாயார் வார்ஸா நகரத்தவர். மக்கள் ஐவருள் இவரே கடைக்குட்டி. இவர்தம் முன்னோருள் ஒருவர் ஹாலந்து தேசத்தில் எலுமிச்சை முதலிய கனிகளை விற்று வாழ்ந்தமையின், எலுமிச்சையின் பெயரே அக்குடிக்குப் பெயராயிற்று. பிற்காலத்தே இவர் செய்து விற்ற சிறு வண்டியொன்று எலுமிச்சை நிறம் பூண்டு பாரிஸ் வீதிகளில் உலாவியது. பழம் விற்ற பாட்டனார் அதனைக் கண்டிருப்பின் எத்துணை மகிழ்ந்திருப்பாரோ!

சித்ரோயனுக்கு ஆறு வயது நிரம்பிய 1884ஆம் ஆண்டில் தந்தையார் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டார். தாயாரே குடும்பத்தைத் தாங்கினார். தந்தையை இழந்த அச்சிறுவனுடைய கண்முன்னே, நாள்தோறும் ஒன்று வானளாவ வளர்ந்து வந்தது. 1889ஆம் ஆண்டுக் கண்காட்சியின் பொருட்டு எய்பல் என்பார் எழுப்பிய இரும்புக் கோபுரமே அது. அடித்தளமிட்ட நாள் தொட்டு உச்சியிற் கொடியேறிய நாள்வரை அதனைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர், தாமும் ஒரு பொறியறிஞராக வேண்டுமென உறுதி பூண்டார். ஜூல் வெர்ன் எழுதிய விந்தைக் கதைகளும் அவ்வுறுதிக்கு உரமிட்டன.

1898ஆம் ஆண்டில் எகோல் பொலிதெக்னிக் என்னும் புகழ்மிக்க கலைக்கழகத்திற் சேர்ந்தார். 1900ஆம் ஆண்டில், தாய் வழிச் சுற்றத்தாரைக் காண்பான் போலந்து சென்றபோது, ஆங்கே பற்சக்கரம் ஒன்றைக் கண்டார். அதன் பற்கள் நேராக அமையாது, இருபுறமும் சாய்ந்து நடுவிற் கூடி, மீன் முள்ளைப் போன்று தோன்றின. நேர்ப்பல் சக்கரம் ஒன்றோடொன்று மோதி ஓசையிடும். இம்மீன்முட் பற்களோ மெல்லெனப் பொருந்தி, மிக்க சுமையையும் அமைதியாய் ஏற்கும். அதன் உரிமையைப் பெற்று மீண்ட சித்ரோயன், எஃகிலே அத்தகைய சக்கரங்களை வெட்டி விற்கத் தொடங்கினார். ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்த கூரை முகடு இரண்டு போன்ற அவர்தம் வண்டிச் சின்னம், இப்பற்களின் வடிவே. பின்னர் 1908ஆம் ஆண்டில், தளர்ந்திருந்த மோர் என்னும் வண்டிச்சாலையின் பொறுப்பை ஏற்று, அதன் ஆக்கத்தைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டினார்.

1914ஆம் ஆண்டிலே முதல் உலகப் பெரும்போர் மூண்டது. இவர் பீரங்கிப் படையிற் பணியாற்றினார். தமையனார் போர்முனையில் மடிந்தார். பிரெஞ்சுப் படையினர்க்குக் குண்டுகள் போதாமையை நேரிற் கண்ட சித்ரோயன், சில திங்களிலேயே ஒரு பெருந்தொழிற்சாலை அமைத்துக் குண்டு செய்து தருவதாக அரசாங்கத்தாரிடம் ஏற்றுக்கொண்டார். 1915ஆம் ஆண்டில் ஸேன் நதிக்கரையில், ஜாவெல் என்னும் இடத்தே அத்தொழிற்சாலை எழுந்தது. ஆண்மக்கள் போருக்கேகினமையின் பெண்டிரே பெரும்பான்மையும் தொழில் செய்தனர். அவர்க்கென உணவுச்சாலையும் மருத்துவ விடுதியும் குழந்தைகட்குக் காப்பிடமும் அமைத்தார். நாளொன்றுக்குப் பல்லாயிரம் குண்டுகள் வெளிவந்தன.

போர் முடிந்தது, குண்டு வேண்டுவார் இல்லை. அத்துணைப் பெரிய சாலையை என் செய்வது? அமெரிக்க நாட்டு போர்ட் என்பார் ஒரே வகை வண்டியை ஆயிரக்கணக்கிற் செய்து குறைந்த விலைக்கு விற்ற முறையை இவர் நன்கு ஆராய்ந்திருந்தார். 1919ஆம் ஆண்டில், ஐரோப்பாவிலே முதன்முதற் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட வண்டி ஜாவெலினின்றும் புறப்பட்டது. அந்நாளில் வண்டி வாங்குவோர் அடிச்சட்டத்தை ஓரிடத்தும், மேற்கூட்டை மற்றோரிடத்தும் பெறுதல் வழக்கம். இவரோ விளக்கும், மின்னாற் றொடங்கும் எஞ்சினும், மாற்றுச் சக்கரமும் பொருந்திய முழு வண்டியையே கொடுத்தார்.

விளம்பரக் கலையில் இவரை ஒப்பார் அக்காலத்து எவருமிலர். 1922ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்து வானத்தில் விமானம் ஒன்று புகையால் இவர் பெயரை எழுதிச் சென்றது. குழவிப் பருவத்தே தம் பெயர் மக்கள் மனத்திற் பதிதல் வேண்டுமெனக் கருதி, வண்டி வடிவமான விளையாட்டுப் பொருள்களையும் செய்வித்தார். சாலை ஓரங்களில் வழிகாட்டும் பலகைகளைத் தம் செலவிலே நாட்டினார். அவற்றிலும் அவர் பெயர் இல்லாமலில்லை! எல்லாவற்றிற்கும் மேலாக, 1925ஆம் ஆண்டு முதல் எய்பல் கோபுரத்தின் உச்சி முதல் அடிவரை மின்விளக்குகளால் தம் பெயரை ஒளிரச் செய்தார். சிறுவனாய் நின்று அண்ணாந்து நோக்கிய கோபுரத்திலே தம் பெயரே ஒளிவிடக் கண்டவர்க்கு அடக்கம் எங்ஙனம் உண்டாகும் என்று எண்ணத் தோன்றுகின்றது.

சகாராப் பாலையைக் கடக்கவும், ஆப்பிரிக்கக் கண்டத்தை வடதெற்காக ஊடுருவவும் இவர் வண்டிகளை அனுப்பியதை விரிப்பிற் பெருகும். ஒன்று மட்டும் கூறுவல். 1931ஆம் ஆண்டில் பெய்ரூத்தினின்று பீக்கிங் நோக்கிச் சென்ற கூட்டத்தினர், நம் நாட்டின் காசுமீரத்து ஸ்ரீநகர் வழியாக இமயத்தை ஏறினர். வண்டி செல்ல இடமில்லாத விளிம்புகளில் அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி, ஆட்களின் தலைச்சுமையாகக் கொண்டுசென்று அப்பாற் பூட்டி ஓட்டினராம். வண்டி மனிதனைச் சுமப்பதை விட்டு, மனிதன் வண்டியைச் சுமந்த விந்தை அது.

சித்ரோயன் தமக்கெனப் பொருள் சேர்த்தவரல்லர். வந்த வருவாயும் கடன் பட்ட பொருளும் தொழிற்சாலையிலே சென்று மறைந்தன. எஞ்சியதைச் சூதாட்ட மேசை விழுங்கிற்று. தோவீல் என்னும் கடற்கரை ஊரிலே, ஓரிரவிற் பெரும்பொருளை இழந்தும் முகம் வாடாதிருப்பாராம். தருமனைப் போல் நாடு நகரை வைத்திழந்திலரேனும், அவருடைய தொழில் முறையிலும் சூதாட்டத்தின் சாயல் படிந்திருந்ததை மறுத்தற்கில்லை. போட்டியாளராகிய லூயி ரெனோ புதிய பெருந்தொழிற்சாலை அமைத்ததைக் கண்டு வாளாவிருக்கவியலாது, உலக வாணிபம் நலிந்திருந்த 1933ஆம் ஆண்டிலே, ஜாவெற் சாலையை இடித்து ஐந்து திங்களிற் புதுக்கினார். வண்டிகள் அப்போதும் வெளிவந்தவண்ணமே இருந்தன. திறப்பு விழாவில் ஆயிரக்கணக்கானோர் விருந்துண்டனர். கடன் மலைபோல் வளர்ந்தது.

அக்கடன் மலையினின்றும் தப்புதற்கு அவர் கண்ட வழியாது? யாவரும் கண்டிராத ஒரு வண்டியைச் செய்தலே.

அவ்வண்டியின் புதுமையை உணரவேண்டின் அதற்கு முன்னைய வண்டிகளின் இயல்பை அறிதல் வேண்டும். பழைய வண்டிகளில், ஏணி போன்ற கனத்த இரும்புச் சட்டம் ஒன்று அடியில் இருக்கும். அதன்மேல் மரத்தாலும் தகட்டாலுமான கூடு ஏற்றப்படும். எஞ்சின் முன்னே இருப்ப, அதன் ஆற்றல் நீண்ட தண்டொன்றின் வழியாகப் பின்சக்கரங்களைச் சுழற்றும். அத்தண்டு அடியில் ஓடுதலால் தளத்தை உயர்த்த வேண்டும். தளம் உயர்தலால் கூடு உயரும். கூடு உயர்தலால் வளைவிலே வண்டி சாயும். நம் ஊர் எருதுகள் வண்டியை முன்னின்று இழுக்கின்றன, பின்னின்று தள்ளுவதில்லை. மோட்டார் வண்டியோ பின்னின்று தள்ளப்பட்டு வந்தது. சித்ரோயன் முன்சக்கரங்களே வண்டியை இழுக்குமாறு அமைத்தார். நீண்ட தண்டு நீங்கியது, தளம் தாழ்ந்தது, ஏறுதற்குரிய மிதிபலகையும் வேண்டாததாயிற்று. அடிச்சட்டத்தையும் அகற்றி, அழுத்தி வார்த்த எஃகுத் தகடுகளை ஒன்றாக உருக்கி இணைத்து, முட்டையோடு போல் கூடே வண்டியைத் தாங்குமாறு செய்தார். பட்டை வில்லுக்கு ஈடாக முறுக்கேறி மீளும் எஃகுத் தண்டுகளும், எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்குகளும் பொருத்தப்பட்டன. மேட்டினின்று உருட்டித் தள்ளியும் வண்டியின் கூடு சிதையாமையை ஊரார்க்குக் காட்டினார்.

இவற்றுள் ஒவ்வொன்றையும் சித்ரோயனே கண்டாரென்பது உண்மையன்று. சட்டமில்லாக் கூட்டை இத்தாலிய நாட்டு லான்சியா 1922ஆம் ஆண்டிலேயே காட்டினார். முன்சக்கர இழுப்பை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஜெர்மானியரும் முன்னரே ஆண்டிருந்தனர். தகட்டை அழுத்தும் முறை அமெரிக்க நாட்டு பட் என்பாரிடம் உரிமை பெற்றது. வரைந்து அமைத்தவர் ஆந்திரே லெபெவ்ர் என்னும் பொறியறிஞர்; உருவம் தந்தவர் பெர்த்தோனி என்னும் இத்தாலியச் சிற்பி. ஆயின் சிதறிக் கிடந்த இவையனைத்தையும் ஒரே வண்டியிற் கூட்டி, செல்வர்க்கு மட்டுமன்றி நடுத்தர மக்களுக்கும் பெருந்தொகையில் வழங்கத் துணிந்தவர் சித்ரோயனே. மணிகள் பலவிடத்தும் உள. கோத்தவனுக்கன்றோ மாலை உரியது?

லெபெவ்ர் 1933ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிலேதான் பணியிற் சேர்ந்தார். 1934ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் வண்டி உலகிற்குக் காட்டப்பட்டது. ஓராண்டிற்குச் சிறிதே மிகுதியான காலத்தில் இத்துணைப் புதுமையும் முற்றுப்பெற்றதென்றால், அவ்விரைவே நோயாயிற்று. தானே வேகம் மாறும் பல்லமைப்பொன்றைப் பொருத்தக் கருதியிருந்தனர். அஃது இறுதி நாளில் கைவிடப்பட, வேறொன்றை அவசரமாகச் செய்து நுழைத்தனர். முதலில் வாங்கினோருடைய வண்டிகளில் முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டுகள் ஒடிந்தன. கூட்டின் இணைப்புகள் வெடித்தன. பழுதான வண்டிகள் திரும்பி வந்தன. ஓராண்டு பொறுத்திருப்பின் இக்குறைகள் தீர்ந்திருக்கும். பொறுக்கக் கடன்காரர் விடவில்லை. அவருடைய இயல்பும் விடவில்லை. இரண்டனுள் எது பெரிய தடையென எனக்குத் துணிய முடியவில்லை.

வங்கிகள் கதவடைத்தன, அரசாங்கத்தார் கை கொடுத்திலர். 1934ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சித்ரோயன் நிலையம் கடனிறுக்கமாட்டாமை நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டது. கடன் கொடுத்தவருள் முதல்வராகிய, ரப்பர்ச் சக்கரம் செய்யும் மிஷ்லேன் குடும்பத்தார் அதனை ஏற்றுக்கொண்டனர். எய்பல் கோபுரத்திலே அவர் பெயர் ஒளிர்தலும் நின்றது. ஜாவெற் சாலையிலே அவர்க்கு இடமில்லை. வயிற்றிலே புற்றுநோய் முற்றியிருந்தது. 1935ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 3ஆம் நாள், ஐம்பத்தேழாம் வயதில் ஆந்திரே சித்ரோயன் உயிர் நீத்தார். மோன்பர்னாஸ் இடுகாட்டிலே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

புதிய தலைவர்கள் வண்டியின் குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்தனர். அதன்பின் அவ்வண்டியை மாற்ற வேண்டிய தேவையே எழவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ஒற்றர் படையும் அதனைக் கொண்டது. அவர்க்கு மறைந்து போரிட்ட பிரெஞ்சுத் தேசபக்தரும் அதனையே கொண்டனர். 1957ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிற் கடைசி வண்டி வெளிவருங்காறும், ஏறத்தாழ 7,60,000 வண்டிகள் செய்யப்பட்டன. உருவமோ 1934இற் பெர்த்தோனி பிடித்து வைத்த அதே உருவம். 1958ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தார் ஜாவெற் கரைக்கு ஆந்திரே சித்ரோயன் கரை எனப் பெயரிட்டனர். தொழிற்சாலை 1970க்குப் பின் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அவ்விடத்தே 1992ஆம் ஆண்டில் அவர் பெயராலேயே ஒரு பூங்கா திறக்கப்பட்டது.