நண்பர்களுக்கே தெரியாமல் 30 வருஷம் ஓடிய பேஸ்பால் லீக்: எழுத்தாளர் ஜாக் கெரவாக்கின் இன்னொரு முகம்!

பிட்ஸ்பர்க் பிளைமவுத்ஸ், நியூயார்க் செவ்வீஸ், பாஸ்டன் கிரேஸ், சின்சினாட்டி பிளாக்ஸ். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் இப்படிப்பட்ட அணிகள் ஒருநாளும் ஆடியதில்லை. ஆனாலும் இவற்றுக்கு மேட்ச் ரிசல்ட் இருக்கிறது, பாயின்ட்ஸ் டேபிள் இருக்கிறது. வீரர்களின் பேட்டிங் சராசரி, அணிகளின் வரவு செலவு, சம்பளத் தகராறு வரைக்கும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அணிகளை உருவாக்கியதும், ஆடியதும், ஸ்கோர் போட்டதும், செய்தி எழுதியதும் ஒரே ஆள்தான்.

அவர் ஜாக் கெரவாக். 'ஆன் தி ரோடு' நாவலின் ஆசிரியர். திட்டம் எதுவும் இல்லாமல் கிளம்பு, மனதில் வந்ததை அப்படியே எழுது என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தவராகப் பார்க்கப்படுபவர். அந்த மனிதர்தான் சிறுவனாக ஆரம்பித்த ஒரு கற்பனை லீக்கின் கணக்கை, கிட்டத்தட்ட சாகும் வரை பொறுமையாக எழுதிக்கொண்டிருந்தார். ஆலன் கின்ஸ்பெர்க், வில்லியம் பர்ரோஸ் மாதிரியான நெருங்கிய நண்பர்களுக்கே இது தெரியாது.

யார் இந்த ஜாக் கெரவாக்?

1922 மார்ச் 12 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ள லோவெல் என்ற ஊரில் பிறந்தவர். மெரிமாக் ஆற்றங்கரையில் நெசவாலைகளால் வளர்ந்த ஊர் அது. அப்பா லியோ, அம்மா கேப்ரியேல் இருவருமே கனடாவின் பிரெஞ்சு பேசும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வீட்டில் பிரெஞ்சுதான். ஆங்கிலம் அவருக்குப் பள்ளிக்குப் போன பிறகு வந்த மொழி.

அண்ணன் ஜெரார்டு 1926-ல், 9 வயதில், ருமாட்டிக் காய்ச்சலால் இறந்துபோனான். தம்பிக்கு அப்போது 4 வயது. அந்த இழப்பு கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. பின்னாளில் அண்ணனைப் பற்றி ஒரு முழு நாவலே எழுதினார்.

அப்பாவுக்கு அச்சுத் தொழில். வீட்டில் மை வாசனையும் காகிதமும் பழகிப்போன விஷயங்கள். தனியாக விளையாடும் பையனுக்கு, விளையாட்டைப் பத்திரிகையாக மாற்றும் யோசனை வந்ததில் ஆச்சரியமில்லை. முதலில் கோலிகுண்டுகளைக் குதிரைகளாக்கி ரேஸ் விட்டான். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு பெயர். குதிரைக்கு உரிமையாளர், ஜாக்கி எல்லாரும் உண்டு. ரேஸ் முடிந்ததும் அதைப் பற்றிக் கையெழுத்துப் பத்திரிகையில் செய்தி வரும். அடுத்து வந்ததுதான் பேஸ்பால்.

பாயின்ட்ஸ் டேபிள் ஏன் அவ்வளவு முக்கியம்?

இதைப் புரிந்துகொள்ள, அமெரிக்கர்களுக்கும் பேஸ்பாலுக்கும் உள்ள உறவு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பேஸ்பால் வாரம் ஒருநாள் ஆட்டம் கிடையாது. 1930-களில் ஒவ்வொரு அணியும் ஒரு சீசனில் 154 ஆட்டங்கள் ஆடியது. ஏப்ரலில் ஆரம்பித்தால் இலையுதிர் காலம் வரை ஏறக்குறைய தினமும் மேட்ச். அதனால் தினமும் காலையில் பேப்பரைப் பிரித்தவுடன் ரசிகர்கள் தேடுவது இரண்டு விஷயங்கள்தான்.

ஒன்று, பாக்ஸ் ஸ்கோர். நேற்றைய ஆட்டத்தில் யார் எத்தனை முறை பேட் செய்தார், எத்தனை ஹிட் அடித்தார் என்று ஒரு சின்னக் கட்டத்துக்குள் சுருக்கித் தரும் அட்டவணை. இரண்டாவது, ஸ்டாண்டிங்ஸ். அதாவது வெற்றி, தோல்வி, வெற்றி விகிதம், முதலிடத்தைவிட எத்தனை ஆட்டம் பின்னால் இருக்கிறோம் என்ற கணக்கு. 60 வெற்றி, 40 தோல்வியுடன் ஓர் அணி முதலிடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 57 வெற்றி, 43 தோல்வி கண்ட அணி அதைவிட 3 ஆட்டம் பின்னால். இந்த இடைவெளி தினமும் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். மேட்சை நேரில் பார்க்காதவர்களுக்கும் சீசன் ஒரு தொடர்கதை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது இந்த அட்டவணையால்தான்.

தினமும் பேப்பரில் படித்த அந்தத் தொடர்கதையைத்தான் லோவெல் பையன் தன் அறைக்குள் சொந்தமாக உருவாக்கினான்.

எப்படி ஆடினார்?

பள்ளி நாட்களில் புக் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு அடிப்படை சுலபமாகப் புரியும். ஆரம்பத்தில் கோலிகுண்டு, பல்குச்சி, ரப்பர் துண்டு போன்றவைதான் கருவிகள். அவை எங்கே போய் விழுகின்றன என்பதைப் பொறுத்து ஹிட்டா, அவுட்டா என்று முடிவாகும்.

வளர வளர விளையாட்டும் சேர்ந்தே வளர்ந்தது. இருபதுகளின் நடுவில் இருந்தபோது, தானே ஒரு சீட்டுக்கட்டைத் தயாரித்தார். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு விளைவு எழுதப்பட்டிருக்கும். பந்து மெதுவாக உருண்டு ஷார்ட்ஸ்டாப் கைக்குப் போகிறதா, கோட்டைத் தாண்டிப் பறக்கிறதா என்று சீட்டு சொல்லும். ஆனால் எல்லாருக்கும் ஒரே விளைவு இல்லை. பந்து வீசும் பிட்ச்சர் எவ்வளவு திறமைசாலி, எதிரே நிற்கும் பேட்டர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்து அது மாறும். பின்னாளில் வார்த்தைகளுக்குப் பதிலாக, தனக்கு மட்டுமே புரியும் குறியீடுகளைச் சீட்டுகளில் போட ஆரம்பித்தார்.

அணிகளுக்குக் கார் கம்பெனி பெயர்கள் அல்லது நிறங்களின் பெயர்கள். வீரர்களுக்கு வைத்த பெயர்களில் குறும்பு தெரியும்: வைனோ லவ், வார்பி பெப்பர், பீகஸ் கோடி. இவர்களில் யார் ஃபார்மில் இருக்கிறார், யார் சொதப்புகிறார் என்றெல்லாம் டைப் செய்து செய்தி வெளியிட்டார். வாசகரும் அவர் மட்டும்தான்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தனக்குத்தானே ஆடும் ஆட்டத்தில் பிடித்த அணியை ஜெயிக்க வைப்பது ரொம்ப ஈஸி. ஆனால் அதற்கு இவ்வளவு விதிகள் தேவையே இல்லை. சீட்டு என்ன சொல்கிறதோ அதுதான் ரிசல்ட் என்று ஆக்கிக்கொள்வதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

நிஜ மைதானத்தில் என்ன ஆனது?

கெரவாக் வெறும் அறைக்குள் ஆடும் வீரர் இல்லை. லோவெல் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஓட்டத்துக்குப் பெயர் பெற்றவர். 1938-ல் தேங்ஸ்கிவிங் நாளில் பக்கத்து ஊரான லாரன்ஸை எதிர்த்து நடந்த ஆட்டத்தில் வெற்றியைத் தீர்மானித்த டச் டவுனை அடித்தார். குடும்பத்துக்கு அது வெறும் கைதட்டல் விஷயம் இல்லை. பொருளாதார மந்தநிலை ஒருபக்கம், 1936-ல் மெரிமாக் ஆற்று வெள்ளம் அப்பாவின் அச்சகத்தைப் பாதித்தது இன்னொரு பக்கம் என்று வீட்டு நிலைமை சரிந்திருந்த நேரம் அது. மகனின் கால்கள்தான் கல்லூரிக்கு வழி.

அந்த வழி திறந்தது. ஹோரஸ் மான் பள்ளியில் ஒரு வருடம் படித்துவிட்டு, 1940-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் சீசனிலேயே கால் எலும்பு முறிந்தது. அடுத்த வருடம் பயிற்சியாளருடன் ஒத்துப்போகாமல் வெளியேறினார். விளையாட்டு வீரராக அவர் கணக்கு அங்கேயே முடிந்தது. அப்பா, அம்மாவின் நம்பிக்கையும் சேர்ந்தே உடைந்தது.

1942-ல் கொஞ்ச காலம் ஊர்ப் பத்திரிகையான லோவெல் சன்னில் விளையாட்டு நிருபராக வேலை பார்த்தார். கற்பனை மேட்சுகளுக்குச் செய்தி எழுதிப் பழகிய கைக்கு, நிஜ மேட்சுக்கு எழுதுவது புதிதல்ல. பிறகு வணிகக் கப்பலில் வேலை, கடற்படையில் சேர்ந்து மனநிலையைக் காரணம் காட்டி விடுவிக்கப்பட்டது, மறுபடியும் நியூயார்க். அங்கேதான் கின்ஸ்பெர்க், பர்ரோஸ் நட்பு கிடைத்தது. இவர்களைத்தான் பின்னாளில் பீட் தலைமுறை என்று உலகம் அழைத்தது.

எழுத்துக்கும் இந்த லீக்குக்கும் என்ன தொடர்பு?

'ஆன் தி ரோடு' பற்றி எல்லாரும் சொல்லும் கதை இது: 1951 ஏப்ரலில், காகிதங்களை ஒட்டி 120 அடி நீளச் சுருளாக்கி டைப்ரைட்டரில் மாட்டி, மூன்றே வாரத்தில் அடித்து முடித்தார். கதை உண்மைதான், ஆனால் பாதிதான். அதற்கு முன்பு பல வருடங்கள் நோட்டு நோட்டாகக் குறிப்பு எடுத்திருந்தார். புத்தகம் வெளிவந்ததோ 1957 செப்டம்பரில். நடுவில் ஆறு வருடம் திருத்தமும் நிராகரிப்பும்தான்.

முதல் நாவலான 'தி டவுன் அண்ட் தி சிட்டி' 1950-ல் வந்தது. அதை எழுதிய நாட்களின் குறிப்பேடுகள் 2004-ல் அச்சானபோது இன்னொரு தகவல் வெளியே வந்தது. தினமும் எத்தனை வார்த்தை எழுதினோம் என்று அவர் கணக்கு வைத்திருந்தார். அதோடு நிற்காமல், பேஸ்பால் பாணியில் தனக்கே ஒரு பேட்டிங் சராசரியும் போட்டுப் பார்த்திருக்கிறார். பேஸ்பாலில் 10 முறை பேட் செய்து 3 ஹிட் அடித்தால் சராசரி .300. அதுவே நல்ல வீரருக்கான அடையாளம். பத்தில் ஏழு முறை தோற்பவரையும் நல்ல ஆட்டக்காரர் என்று சொல்லும் கணக்கு இது. நாளெல்லாம் உட்கார்ந்தும் ஒரு பக்கம் தேறாமல் தவிக்கும் எழுத்தாளருக்கு, இந்தக் கணக்கு எவ்வளவு தெம்பு தந்திருக்கும் என்று யோசிக்கலாம்.

நிஜமாகவே யாருக்கும் தெரியாதா?

தடயங்களை அவரே விட்டு வைத்திருந்தார். 1956 கோடையில் வாஷிங்டன் மாகாணத்தின் டெசலேஷன் மலை உச்சியில், காட்டுத்தீயைக் கண்காணிக்கும் வேலையில் இரண்டு மாதம் தனியாக இருந்தார். பேச ஆள் இல்லாத அந்த மரக்குடிலிலும் சீட்டுகளை வைத்து லீக் ஆட்டங்களை நடத்தினார். 1965-ல் வெளியான 'டெசலேஷன் ஏஞ்சல்ஸ்' நாவலில் அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். அதற்கு முன்பே, 1958-ல், பிளைமவுத்ஸ் அணியின் இளம் பிட்ச்சர் ஒருவரை நாயகனாக்கி எழுதிய சிறுகதை எஸ்குயர் இதழில் வந்தது. கற்பனைக் கதை என்று நினைத்து வாசகர்கள் கடந்துபோனார்கள். அந்த வீரருக்குப் பின்னால் ஒரு முழு லீக்கே இருப்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

இன்றைய ஃபேன்டஸி லீக்குக்கு இவர்தான் முன்னோடியா?

அப்படிச் சொல்ல முடியாது. இன்றைய ஃபேன்டஸி பேஸ்பாலின் மாதிரி 1980-ல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரன்ட்டும் நண்பர்களும் தொடங்கிய ரோட்டிசரி லீக். கெரவாக் இறந்து 11 வருடம் கழித்து வந்தது. அதில் வீரர்கள் நிஜம், அவர்கள் மைதானத்தில் எடுக்கும் எண்கள் நிஜம்; நம் அணி மட்டும்தான் கற்பனை. கெரவாக்கின் லீக்கில் வீரர்களும் கற்பனை. எண்களும் சீட்டில் பிறந்தவை. அதைவிட முக்கியமான வித்தியாசம், அவருக்குப் போட்டியாளரே கிடையாது. பரிசு இல்லை, பணம் இல்லை, லீடர்போர்டில் பெயர் பார்க்க யாரும் இல்லை.

கடைசி ஆண்டுகள்

'ஆன் தி ரோடு' வெளியானதும் புகழ் ஒரே நாளில் வந்து விழுந்தது. அதைக் கையாள அவருக்குத் தெரியவில்லை. நாவலில் வரும் துள்ளலான இளைஞரைத் தேடி வீட்டு வாசலுக்கு ஆட்கள் வந்தார்கள். உள்ளே இருந்தவரோ அம்மாவுடன் வாழ்ந்த, கூச்ச சுபாவமுள்ள, முப்பதுகளின் நடுவைத் தாண்டிய மனிதர். ஏற்கெனவே இருந்த குடிப்பழக்கம் கட்டுமீறிப் போனது. விமர்சகர்கள் அடுத்தடுத்த புத்தகங்களைக் கேலி செய்தார்கள். பழைய நண்பர்களிடமிருந்தும் விலகினார். ஊர் ஊராக வீடு மாற்றினார்.

இவ்வளவுக்கும் நடுவில் லீக் மட்டும் தொடர்ந்தது. இறப்பதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பு வரை அவர் ஆடியதற்கான தாள்கள் இருக்கின்றன. 1969 அக்டோபர் 21 அன்று புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், குடியால் கெட்டுப்போன கல்லீரல் காரணமாக ஏற்பட்ட உள் ரத்தப்போக்கில் காலமானார். வயது 47.

தாள்கள் இப்போது எங்கே?

2001-ல் 'ஆன் தி ரோடு' சுருள் ஏலத்துக்கு வந்தது. 24 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியவர் ஜிம் இர்சே, அப்போது இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் உரிமையாளர். அதே ஆண்டு, கெரவாக்கின் ஆவணக் காப்பகம் நியூயார்க் பொது நூலகத்தின் பெர்க் சேகரிப்புக்குப் போய்ச் சேர்ந்தது. சீட்டுகள், ஸ்கோர் தாள்கள், கையெழுத்துப் பத்திரிகைகள் எல்லாம் அந்தப் பெட்டிகளில் இருந்தன. சேகரிப்பின் பொறுப்பாளர் ஐசக் கெவிர்ட்ஸ் அவற்றை ஆராய்ந்து 2009-ல் தனிப் புத்தகமாக வெளியிட்ட பிறகுதான் லீக்கின் முழு அளவும் வெளியுலகுக்குத் தெரிந்தது.

அந்தச் சுருளைப் பார்த்து, எழுத்து என்பது ஒரே மூச்சில் வந்து கொட்டுவது என்று நம்பிய இளைஞர்கள் ஏராளம். அதற்குப் பின்னால் இருந்தவர் தினமும் ஸ்கோர் எழுதி, சராசரி கணக்கிட்டு, யாரும் படிக்காத மேட்ச் ரிப்போர்ட்டையும் ஒழுங்காக டைப் செய்து வைத்த ஆள் என்பதைப் பெர்க் சேகரிப்பின் பெட்டிகள் காட்டுகின்றன.