கடைசித் தகடு

சான்றோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார் தமிழம்மா. நான் ஒரு போட்டோக்காரரைப் பற்றி எழுதுகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

போன மாதம் பசுமைப் படையிலிருந்து எங்கள் ஏழு பேரை அறிவியல் சார் ஊர்க் கரட்டுக்கு விடியற்காலையில் கூட்டிப்போனார். இயற்கைக் காட்சியைப் படம் எடுக்கக் கற்றுத்தருவதாகச் சொன்னார். கேமரா ஒன்றே ஒன்றுதான். ஆளுக்கு இரண்டு படம். எடுத்ததை அழிக்கக் கூடாது. நான் ஏறினதும் ஏறாததுமாக இரண்டையும் தட்டிவிட்டேன். அரைமணி கழித்து மேகம் விலகி ஏரி மேல் வெயில் விழுந்தது பாருங்கள், அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் சார் ஆன்சல் ஆடம்ஸ் கதையைச் சொன்னார். மீதியை நான் தேடிப் படித்தேன்.

அவர் 1902 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தார். 1906-இல் அந்த ஊரையே புரட்டிப்போட்ட நிலநடுக்கம் வந்தது. அதன் பின்னதிர்வில் விழுந்து மூக்கு உடைந்தது. கடைசிவரை கோணல் மூக்குதான். வகுப்பில் ஒரு இடத்தில் உட்கார மாட்டார். 12 வயதில் அப்பா பள்ளியை விட்டே நிறுத்திவிட்டு, 1915-இல் அங்கே நடந்த உலகக் கண்காட்சிக்கு வருடம் முழுக்கப் போய்வர பாஸ் வாங்கிக் கொடுத்தார். (இதை நம் வீட்டில் சொல்லிப் பார்க்காதீர்கள்!) பிறகு எப்படியோ எட்டாம் வகுப்பை முடித்தார். ஆசையெல்லாம் பியானோ மேல்.

1916-இல், 14 வயதில், யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குக் குடும்பத்தோடு போனார். கையில் அப்பா அம்மா கொடுத்த பிரௌனி பெட்டிக் கேமரா. அங்கே ஹாஃப் டோம் என்று ஒரு பாறை மலை இருக்கிறது. குடத்தை நெடுக்காகப் பிளந்தமாதிரி ஒரு பக்கம் செங்குத்தாக, பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 4,800 அடி உயரம். அதை எடுக்க இற்றுப்போன மரக்கட்டை மேல் ஏறினார். கட்டை உடைந்தது. தலைகீழாக விழும்போது விரல் பட்டனை அமுக்கிவிட்டது. மலையும் தலைகீழாகப் பதிந்தது! அதிலிருந்து வருடா வருடம் அங்கேயே போனார். ஃபிலிம் கழுவும் கடையில் வேலை பார்த்துத் தொழிலைக் கற்றார்.

இனிமேல்தான் முக்கியமான இடம். 1927 ஏப்ரல் 10. பின்னாளில் மனைவியான வர்ஜீனியாவோடும் சில நண்பர்களோடும் பனியில் மலை ஏறினார். முதுகில் பெரிய கேமரா, ட்ரைபாட், 12 கண்ணாடித் தகடு. ஒரு தகட்டுக்கு ஒரு படம்தான். ஹாஃப் டோமுக்கு எதிரே போய் நிற்கும்போது மிச்சம் இரண்டே தகடு! பாறை முகம் நிழலில் கிடந்தது. வெயில் வரும்வரை காத்திருந்தார். மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒரு படம் எடுத்தார். எடுத்தபிறகுதான் உறைத்தது, வானம் வெளுப்பாக வந்து மலை சாதாரணமாகத் தெரியுமே என்று. அவர் மனசில் இருந்ததோ கன்னங்கரேல் என்ற வானமும் மிரட்டும் பாறையும். கடும் சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியை உள்ளே விடாது, அதனால் வானம் கருக்கும். கடைசித் தகட்டில் 5 வினாடி. மோனோலித் என்ற புகழ்பெற்ற படம் அதுதான். அச்சில் எப்படி வரணும் என்று முதலில் மனசுக்குள் பார்த்துவிட்டு அப்புறம் எடுப்பதை அன்றைக்குத்தான் கற்றதாக நினைத்தார்.

பியானோவா கேமராவா என்ற இழுபறி 1930-இல் தீர்ந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. 1941 நவம்பர் 1 அன்று ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் நிலா எழுவதை எடுத்தபோதும் ஒரே படம்தான். வெளிச்சம் அளக்கும் மீட்டர் பெட்டியில் அகப்படவில்லை. நிலாவின் ஒளி அளவு ஞாபகம் இருந்ததால் மனக்கணக்குப் போட்டு எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகள் மேலிருந்த வெயில் போயே போச்சு.

பள்ளிக்கு ஒத்துவராத பிள்ளை, வாத்தியாராகவும் ஆனார். 1955 முதல் 1981 வரை ஆண்டுதோறும் யோசெமிட்டியில் பயிற்சி முகாம் நடத்தினார். கறுப்பு முதல் வெள்ளைவரை 0-லிருந்து 10 படிகளாகப் பிரித்து ஒளியைக் கணக்கிடும் முறையை ஃபிரெட் ஆர்ச்சர் என்பவரோடு சேர்ந்து அவர் முன்பே உருவாக்கியிருந்தார். காடு மலையைக் காப்பாற்றவும் அவர் படங்கள் உதவின. 1984 ஏப்ரல் 22 அன்று இறந்தார். மறு வருடம் அங்கே ஒரு சிகரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

கீழே ஒட்டியிருப்பது நான் அவசரத்தில் எடுத்த படம். சார் அழிக்க விடவில்லை. ஓரத்தில் பாறைமாதிரித் தெரிவது என் கட்டைவிரல். வரும் சனிக்கிழமை மறுபடியும் கரட்டுக்குப் போகிறோம், அதே இரண்டு படம்தான். நான் மத்தியானச் சோறும் கட்டிக்கொண்டு போகிறேன்.

— 9-ஆம் வகுப்பு, ஆ பிரிவு