கிட்டார் வாசிக்கத் தெரியாது, ஆனா பேஸ் கிட்டாரை உலகத்துக்குக் கொடுத்தார்: ரேடியோ மெக்கானிக் லியோ ஃபெண்டரின் கதை

இளையராஜா பாடல்களை ஹெட்போனில் கேட்பவர்களுக்குத் தெரியும், மெட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டு தனியாக ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் பேஸ் கிட்டார். நான்கு தடித்த கம்பிகள், நீளமான நெக், ஆழமான சத்தம்.

அந்தக் கிட்டாரைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். நெக்கும் பாடியும் சேரும் இடத்தில் பெரும்பாலும் ஒரு சின்ன உலோகத் தகடும் நான்கு ஸ்க்ரூக்களும் இருக்கும். அவற்றைக் கழற்றினால் நெக் தனி, பாடி தனி. பழுதானதை எடுத்துவிட்டு வேறு மாட்டலாம், பிடிக்காததை மாற்றலாம். இசைக் கருவியை இப்படிக் கழற்றி மாட்டுகிற பொருளாக யோசித்தவர் ஒரு இசைக் கலைஞர் அல்ல. கலிஃபோர்னியாவின் ஒரு சிறிய ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். பெயர் லியோ ஃபெண்டர்.

ஆரஞ்சுத் தோட்டத்தில் இருந்து ரேடியோ கடைக்கு

1909 ஆகஸ்ட் 10 அன்று, அனஹைம், ஃபுல்லர்டன் ஊர்களுக்கு அருகே ஓர் ஆரஞ்சுத் தோட்டத்தில் பிறந்தார் கிளாரன்ஸ் லியோனிடஸ் ஃபெண்டர். எட்டு வயதில் கட்டி காரணமாக இடது கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு வாழ்நாள் முழுக்க ஒரு கண்ணாடிக் கண்தான்.

அவருடைய மாமா ஒருவர் கார்களுக்கான எலெக்ட்ரிக் கடை நடத்திவந்தார். பதின்வயதில் இருந்த லியோவுக்கு அவர் ஒரு பெட்டி நிறைய பழைய ரேடியோ பாகங்களை அனுப்பிவைத்தார். மாமா கடைக்குப் போனபோது அங்கே ஒரு ரேடியோ பெரும் சத்தத்துடன் பாடிக்கொண்டிருந்தது. பையன் அசந்துபோனான். அன்றிலிருந்து ரேடியோதான்.

கல்லூரியில் படித்தது எலெக்ட்ரானிக்ஸ் இல்லை, அக்கவுன்டிங்! எலெக்ட்ரானிக்ஸ் அவராகவே கற்றுக்கொண்டது. கணக்கு எழுதும் வேலைகளில் இருந்தவருக்கு 1930-களின் பொருளாதார மந்தம் அந்த வேலைகளையும் இல்லாமல் ஆக்கியது. 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்டனில் 'ஃபெண்டர் ரேடியோ சர்வீஸ்' கடையைத் திறந்தார்.

பழுதுபார்த்தே படித்த பாடம்

கடைக்கு வீட்டு ரேடியோக்கள் வந்தன. கூடவே உள்ளூர் இசைக் குழுக்களின் ஆம்ப்ளிஃபயர், மைக் செட், மின்சாரக் கிட்டார்களும் வந்தன. எந்த ஜாயின்ட் விட்டுப்போகிறது, எந்த ஸ்பீக்கர் கிழிகிறது, எந்த இடத்துக்குக் கை போகாமல் மெக்கானிக் திண்டாடுகிறார் என்பதையெல்லாம் தினமும் பார்த்தார். இதுதான் அவருக்குக் கிடைத்த உண்மையான படிப்பு.

டாக் காஃப்மேன் என்ற இசைக் கலைஞருடன் சேர்ந்து, மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் தயாரிக்கத் தொடங்கினார். காஃப்மேன் 1946-ல் விலகிக்கொள்ள, லியோ தனியாகத் தொடர்ந்தார்.

ஒரு விஷயம் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். லியோ சின்ன வயதில் பியானோவும் சாக்ஸஃபோனும் கற்றவர். ஆனால் கிட்டார் வாசிக்க அவருக்குத் தெரியாது. அதனால் செய்த ஒவ்வொன்றையும் வாசிப்பவர்கள் கையில் கொடுத்து, எது சரியில்லை என்று கேட்டு, திருத்தி, மறுபடி கொடுத்தார். தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்க அவர் தயங்கியதே இல்லை.

1950-ல் வந்த அவரது திடமரக் கிட்டார்தான் பிறகு 'டெலிகாஸ்டர்' ஆனது. அதுவரை நல்ல கிட்டார் என்றால் நெக்கைப் பாடியோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். நெக் வளைந்தால் பெரிய வேலை, பெரிய செலவு. லியோ நெக்கை ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டார். தயாரிப்பதும் சுலபம், கெட்டால் மாற்றுவதும் சுலபம்.

அவரும் தவறு செய்தார். மேப்பிள் மரம் கெட்டியானது, நெக்குக்குள் இரும்புக் கம்பி எதற்கு என்று முதலில் நினைத்தார். கம்பிகள் இழுத்த இழுப்பில் நெக்குகள் வளையத் தொடங்கின. அந்த ஆண்டே முடிவை மாற்றிக்கொண்டு உள்ளே ஒரு கம்பியைப் பொருத்தினார். 'டிரஸ் ராட்' எனப்படும் அந்தக் கம்பியை முடுக்கியும் தளர்த்தியும்தான் இன்றும் நெக்கின் வளைவைச் சரிசெய்கிறார்கள்.

1951: பேஸ் எப்படிப் பிறந்தது?

அன்றைய பேஸ் வாசிப்பவரின் நிலை பரிதாபம். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் டபுள் பேஸைக் காரில் ஏற்றுவதே பெரும்பாடு. ஏற்றிக் கொண்டுபோய் வாசித்தாலும் டிரம்ஸுக்கும் டிரம்பெட்டுக்கும் நடுவே சத்தம் கேட்காது. அதில் ஃப்ரெட்டும் கிடையாது. விரல் கொஞ்சம் தள்ளிப்போனால் சுருதியும் தள்ளிப்போகும். கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர் அவசரத்துக்குக்கூட அதை எடுத்து வாசித்துவிட முடியாது.

லியோ எல்லாவற்றுக்கும் ஒரே கருவியில் பதில் தேடினார். 1951-ல் வந்தது 'பிரிசிஷன் பேஸ்'. ஃப்ரெட் இருப்பதால் சுருதி துல்லியமாக விழும், அதனால்தான் அந்தப் பெயர். தோளில் மாட்டலாம், ஆம்ப்ளிஃபயரில் செருகலாம். அதிரும் கம்பியின் நீளம் 34 அங்குலம். 70 ஆண்டுகள் கடந்தும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களுக்கு இதுவே அளவு.

அப்போ உலகின் முதல் மின்சார பேஸ் இதுதானா? இல்லை. சியாட்டிலைச் சேர்ந்த பால் டட்மார்க் 1930-களிலேயே ஃப்ரெட் வைத்த மின்சார பேஸ் ஒன்றைச் செய்துவிட்டார். அது பரவலாகப் போகவில்லை. தொழிற்சாலையில் பெரிய அளவில் தயாராகி, மேடைகளில் நிலைத்தது ஃபெண்டரின் பேஸ்தான். ஜாஸ் கலைஞர் லயனல் ஹாம்ப்டன் குழுவில் ராய் ஜான்சன், மாங்க் மாண்ட்கோமரி ஆகியோர் அதை எடுத்துச் சென்றது ஆரம்பத்தில் பெரிய விளம்பரமாக அமைந்தது.

பேஸின் சத்தத்தைத் தாங்க 1952-ல் 'பேஸ்மேன்' ஆம்ப்ளிஃபயர் வந்தது. பேஸுக்காகச் செய்த அதைக் கிட்டார் கலைஞர்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டது தனிக்கதை. லண்டனில் ஜிம் மார்ஷல் 1960-களில் செய்த முதல் ஆம்ப்ளிஃபயர், பேஸ்மேனின் சர்க்யூட்டை அடிப்படையாகக் கொண்டதுதான்.

லியோ அதோடு நிறுத்தவில்லை. 1957-ல் பிக்கப்பை இரண்டு துண்டாக்கினார். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது. இரண்டு சுருள்களும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டு, காந்தங்களும் எதிரெதிராக இருந்தால், மின்சார இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும், கம்பியின் சத்தம் மட்டும் மிஞ்சும். 1960-ல் ஒல்லியான நெக்கும் இரண்டு பிக்கப்பும் கொண்ட 'ஜாஸ் பேஸ்' வந்தது.

சாகப்போகிறோம் என்று நினைத்து விற்றது

1950-களின் நடுவில் லியோவைத் தொற்றிய சைனஸ் பாதிப்பு ஆண்டுக்கணக்கில் விடவில்லை. தனக்கு அதிக நாள் இல்லை என்றே அவர் நம்பினார். 1965 ஜனவரியில் நிறுவனத்தை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். அதற்குச் சில மாதங்களுக்கு முன் இதே சிபிஎஸ், நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் 80 சதவீதத்தை 1.12 கோடி டாலருக்குத்தான் வாங்கியிருந்தது.

பிறகு நடந்ததுதான் திருப்பம். புதிதாகப் பார்த்த ஒரு மருத்துவர் மருந்து கொடுக்க, நோய் குணமாகிவிட்டது! ஆள் பிழைத்துவிட்டார், ஆனால் கம்பெனி போய்விட்டது. கூடவே அவருடைய பெயரும் போய்விட்டது. 'ஃபெண்டர்' என்பது இப்போது வேறொருவரின் பிராண்ட். 10 ஆண்டுகளுக்குப் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்ற ஒப்பந்தம் வேறு.

பணம் இருந்தது, வயது 60-ஐ நெருங்கியது. ஓய்வெடுத்திருக்கலாம். லியோ காத்திருந்தார். தடை முடிந்த 1975-ல் 'மியூசிக் மேன்' நிறுவனத்தின் தலைவரானார். 1976-ல் வந்த 'ஸ்டிங்ரே' பேஸில், கிட்டாருக்குள்ளேயே பேட்டரியில் இயங்கும் சின்ன ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட் இருந்தது. பேஸையும் டிரெபிளையும் கிட்டாரிலேயே கூட்டிக்கொள்ளலாம். பிறகு, தன் பழைய கூட்டாளி ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு 'ஜி அண்ட் எல்' நிறுவனத்தைத் தொடங்கினார். ஜார்ஜ், லியோ என்ற பெயர்களின் முதல் எழுத்துகள்தான் அது. அந்தத் தொழிற்சாலை இருந்த தெருவுக்கு ஃபெண்டர் அவென்யூ என்று பெயர். நிறுவனத்துக்கு அந்தப் பெயரை வைக்க மட்டும் ஃபெண்டருக்கு உரிமை இல்லை.

1985-ல் சிபிஎஸ், ஃபெண்டர் நிறுவனத்தை அதன் ஊழியர்கள் குழுவுக்கு 1.25 கோடி டாலருக்கு விற்றது. 20 ஆண்டுக்கு முன் வாங்கிய விலையைவிடக் குறைவு. இன்றும் பழைய கிட்டார் சந்தையில் 'ப்ரீ-சிபிஎஸ்', அதாவது 1965-க்கு முந்தையது என்றால் விலையே வேறு.

இன்று வாங்குபவருக்கு இதில் என்ன?

பிரிசிஷனோ ஜாஸ் பேஸோ அவற்றின் மலிவு விலை நகலோ, அடிப்படை அமைப்பு லியோ போட்டதுதான். அதனால் செகண்ட் ஹேண்ட் பேஸ் வாங்கும்போது பார்க்க வேண்டியவையும் அவர் கதையில் வந்தவைதான்.

முதலில் நெக். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில் மெல்லிய இடைவெளி இருந்தால் நல்லது. பெரிய இடைவெளி என்றால் நெக் வளைந்திருக்கிறது. டிரஸ் ராடைக் கால் சுற்று மட்டும் திருப்பிப் பார்த்து, மறுபடி சோதித்துத்தான் அடுத்த கால் சுற்று. ராடே திரும்பவில்லை என்றால் வாங்குவதை யோசியுங்கள்.

அடுத்து நாப். திருப்பும்போது கரகர சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். தூசியாக இருக்கலாம், கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே போதும். சரியாகவில்லை என்றால் அந்தப் பாகத்தை மட்டும் சால்டரிங் செய்து மாற்றலாம்.

மாற்றியமைப்பதா, அப்படியே விடுவதா? இரண்டுக்கும் உதாரணம் உண்டு. மோடவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷனில் கம்பிகளைக்கூட அவ்வளவு சீக்கிரம் மாற்ற மாட்டார். ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸிலோ ஃப்ரெட்டுகளே பிடுங்கப்பட்டு, பள்ளங்கள் நிரப்பப்பட்டு, மேலே எபாக்ஸி பூசப்பட்டிருந்தது. சுருதி துல்லியமாக விழ லியோ வைத்த ஃப்ரெட்டை எடுத்துவிட்டு வாசித்தே ஜாக்கோ புகழ்பெற்றார்.

லியோவுக்குக் கடைசி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோய் இருந்தது. அப்படியும் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21 அன்று 81 வயதில் இறந்தார். அதற்கு முந்தைய நாளும் அவர் வேலையில்தான் இருந்தார்.