கூலி உயர்ந்தது, கவலை தீரவில்லை!

ஒப்பந்தக் கூலியா, நிரந்தர வேலையா? இந்தக் கேள்விக்கு விடை தேடியே வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தவர் எர்னஸ்ட் பெவின்.

1881-ல் இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியிலே ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை முகம் அறியாதவர். எட்டு வயதிலே தாயையும் இழந்தார். பதினோராம் வயதிலே பள்ளியை விட்டுப் பண்ணை வேலைக்குப் போனார். பிறகு பிரிஸ்டல் நகரிலே வண்டியோட்டி. 1910-ல் அங்கே வண்டியோட்டிகளைத் துறைமுகத் தொழிலாளர் சங்கத்திலே திரட்டினார். அடுத்த ஆண்டு அச்சங்கத்தின் முழுநேர ஊழியரானார்.

அந்நாளில் துறைமுக வேலை எப்படி நடந்தது? காலையிலே வாசலில் கூட்டம் நிற்கும். மேஸ்திரி வருவார், கண்ணால் அளந்து, விரலால் காட்டி, வேண்டியவரை எடுத்துக்கொள்வார். மற்றவர்கள் திரும்பிப் போகலாம். பிற்பகல் மறுபடியும் வந்து நிற்கலாம். கப்பல் வந்தால் அடுப்பு எரியும், வராவிட்டால் அணையும். மேஸ்திரியின் முகம் கோணினாலோ, கப்பல் வந்தும் அடுப்பு எரியாது!

1920-ல் ஷா பிரபு தலைமையில் விசாரணை மன்றம் கூடிற்று. நாளொன்றுக்கு 16 ஷில்லிங் வேண்டுமெனத் தொழிலாளர் தரப்பில் பெவின் வாதாடினார். தொடக்க வாதம் மட்டுமே 11 மணி நேரம்! அதைவிடக் குறைந்த பணத்திலே குடும்பம் நடத்தலாம் என்று பேராசிரியர் பௌலி கணக்குக் காட்டினார். பெவின் என்ன செய்தார்? கானிங் டவுன் கடைத்தெருவுக்குப் போனார், அந்தக் கணக்குப்படியே சாமான் வாங்கினார், சமைத்தார், தட்டுகளிலே பங்கிட்டு மன்றத்தின் முன் வைத்தார். நாள் முழுதும் மூட்டை சுமப்பவனுக்கு இது போதுமா என்று அந்தத் தட்டுகளே கேட்டன. 16 ஷில்லிங் கிடைத்தது.

ஆனால் கிடைக்காதது ஒன்றுண்டு. அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். தொழிலாளரைப் பதிவு செய்க, வேலையில்லாத நாளுக்குப் பராமரிப்புப் பணம் தருக என்பதும் அதே வழக்கின் கோரிக்கை. மன்றமும் பரிந்துரைத்தது. முதலாளிகளோ பராமரிப்புப் பணத்தைத் தரவில்லை. ஆறு நாளில் மூன்றே நாள் வேலை கிடைப்பவனுக்கு 16 ஷில்லிங் என்பது உண்மையிலே எட்டுத்தானே!

கப்பல் நாள்தோறும் ஒரே கணக்கில் வருவதில்லையே என்றார்கள் முதலாளிகள். உண்மைதான், பெவினும் மறுக்கவில்லை. துறைமுகத்துக்குக் கூடுதல் ஆட்கள் தேவை என்றால், அவர்களைக் காத்திருக்க வைக்கும் செலவைத் தொழில் ஏற்கட்டும், தொழிலாளியின் குழந்தை ஏற்க வேண்டாம் என்பதே அவர் கட்சி. தொழிலாளரிலும் சிலர் தினக்கூலியையே விரும்பினர். வேண்டிய நாள் போகலாம், வேண்டாத நாள் இருக்கலாம் என்ற சுதந்திரம்! அதை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் நோயும் முதுமையும் வந்தபின் அந்தச் சுதந்திரம் யாருக்கு? மேஸ்திரிக்கு!

1922-ல் 14 சங்கங்களை இணைத்து, போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார் பெவின். 1940-ல், போர்க்காலத்திலே, தொழிலமைச்சரானார். அப்போதுதான் துறைமுகத் தொழிலாளியின் அருமை நாட்டுக்குத் தெரிந்தது! பதிவு கட்டாயமாயிற்று. 1941 முதல், வேலைக்கு வந்து நின்றும் வேலை இல்லையென்றால், அதற்கும் பணம். பதிலுக்கு, தொழிலாளி தவறாமல் வரவேண்டும்; அனுப்பிய கப்பலுக்குப் போகவேண்டும். 1947-ல் இது நிலையான திட்டமாயிற்று. அதை நடத்தும் வாரியத்திலே இரு தரப்புக்கும் சம இடம். இந்தியாவிலும் 1948-ல் துறைமுகத் தொழிலாளர் வேலையை ஒழுங்குபடுத்தச் சட்டம் பிறந்தது; அதன் வழியே சென்னையிலும் வாரியம் அமைந்தது.

பெவின் 1951-ல் மறைந்தார். கடைசி ஆண்டுகளில் அயல்நாட்டு அமைச்சராக அவர் செய்தவற்றில் நமக்கு உடன்பாடில்லாதவை உண்டு. அதற்காக, துறைமுக வாசலிலே அவர் செய்ததை மறப்பதற்கில்லை.

1967-ல் பிரிட்டிஷ் துறைமுகத் தொழிலாளர் நிறுவனங்களின் நிரந்தர ஊழியராயினர். 1989-ல் தாட்சர் அரசு அந்தத் திட்டத்தையே ஒழித்தது. கூலி கிடைத்த பின், வேலையற்ற நாளுக்கும் உறுதி கிடைக்க 21 ஆண்டுகள்; அதைப் பறிக்க ஒரே சட்டம்!

தோழர்களே! ஒப்பந்தக்காரர் நீட்டும் தாளிலே நாட்கூலி கூடுதலாக இருக்கலாம். எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். படுத்துவிட்டால் யார் தருவார் என்று கேளுங்கள். நிரந்தரம் கிடைத்த பிறகும் சங்கத்தைக் கைவிடாதீர்கள். பெற்றுத் தந்ததும் சங்கமே. காத்துத் தரவேண்டியதும் சங்கமே!