தாமரை அறிஞர் ஓகா இச்சிரோ

இந்தியாவின் தேசிய மலர் தாமரை. வெப்பம் மிகுந்த நாட்டுக் குளங்களில் மட்டுமன்றி, பனி பெய்யும் நாடுகளிலும் தாமரை வளர்கிறது. ஜப்பான் நாட்டில் இலையுதிர் காலம் வந்ததும் தாமரையின் இலைகள் பழுத்துக் கருகிவிடும். குளிர்காலம் முழுவதும் அதன் கிழங்கு நீருக்கடியில் சேற்றுக்குள் உறங்கும். வெயில் ஏறத் தொடங்கியதும் மீண்டும் துளிர் விடும். அந்நாட்டில் தாமரை ஆய்வுக்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அளித்தவர் ஓகா இச்சிரோ. மக்கள் அவரைத் தாமரை முனைவர் என்று அன்போடு அழைத்தனர்.

இளமையும் கல்வியும்

ஓகா இச்சிரோ 1883ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் ஜப்பானின் ஒக்காயாமா மாவட்டத்தில் பிறந்தார். தோக்கியோ நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயின்றார். பின்னர் ஆசிரியராகப் பணியாற்றினார். 1917ஆம் ஆண்டில் தாயகத்தை விட்டுக் கடல் கடந்து, சீனாவின் வடகிழக்கில் உள்ள தாலியன் நகருக்குச் சென்றார். குளிர் மிகுந்த அந்தப் பகுதியில்தான் அவருடைய வாழ்வின் திசை மாறியது.

வறண்ட ஏரியின் விதைகள்

தாலியனுக்கு அருகே புலாந்தியன் என்னும் ஊர் உள்ளது. அங்கே முன்னொரு காலத்தில் ஏரியாக இருந்து, பின்பு வறண்டுபோன நிலம் ஒன்று இருந்தது. அந்நிலத்தின் கரிய மண்ணுக்குள் தாமரை விதைகள் புதைந்து கிடந்தன. ஏரியோ இல்லை, தாமரையோ இல்லை, விதைகள் மட்டும் இருந்தன. அவை இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று அறிய ஓகா விரும்பினார். ஆய்ந்து பார்த்தபோது அவ்விதைகள் முளைத்தன.

தாமரை விதையின் உறை கல்லைப் போல் கடினமானது. நீரும் காற்றும் எளிதில் உட்புகா. அதனால் உள்ளிருக்கும் பச்சை முளை நெடுங்காலம் கெடாமல் இருக்கும். அதே காரணத்தால், விதையை அப்படியே நீரில் இட்டால் அது எளிதில் முளைப்பதும் இல்லை. உறையின் ஓரிடத்தை அரத்தால் தேய்த்து நீர் புகச் செய்தல் வேண்டும். பின்பு வெதுவெதுப்பான நீரில் இட்டு வைத்தால், சில நாள்களில் விதை பருத்துப் பச்சை முளை வெளிப்படும். குளிர்ந்த நாடுகளில் பனிக்காலம் கழிந்த பின்னரே இளஞ்செடியை வெளியில் வைப்பர்.

புலாந்தியன் விதைகள் மிகப் பழமையானவை என்று ஓகா கருதினார். ஆயினும் அவற்றின் வயதைக் கணக்கிட்டுக் காட்டும் கருவி அக்காலத்தில் இல்லை. 1951ஆம் ஆண்டில்தான், அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கார்பன் கணிப்பு முறையால், அவ்வூர் விதை ஏறத்தாழ 1000 ஆண்டு பழமையானது என்று கண்டறியப்பட்டது.

கெமிகாவாவில் அகழ்வு

ஓகா ஜப்பானுக்குத் திரும்பிய பின்னும் தாமரை ஆய்வைக் கைவிடவில்லை. தோக்கியோவுக்குக் கிழக்கே சிபா நகரில் கெமிகாவா என்னும் இடம் உள்ளது. அங்கே, மட்கிய செடிகொடிகள் இறுகி உண்டான கரிமண்ணை எரிபொருளுக்காக வெட்டி எடுத்து வந்தனர். 1947ஆம் ஆண்டில் அந்த மண்ணுக்கடியில், ஒரே மரத்தைக் குடைந்து செய்த பழங்கால ஓடம் ஒன்று கிடைத்தது. தொடர்ந்து நடந்த அகழ்வில் தாமரைப் பொகுட்டும் வெளிப்பட்டது. இச்செய்தி ஓகாவுக்கு எட்டியது. பொகுட்டு இருந்த இடத்தில் விதையும் இருக்கும் என்று அவர் எண்ணினார்.

1951ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் அகழ்வு தொடங்கியது. அப்போது ஓகாவுக்கு வயது 67. அவ்வூர்ப் பள்ளி மாணவர்களும் பொதுமக்களும் அவருக்குத் துணை நின்றனர். ஈர மண்ணைத் தோண்டித் தோண்டித் தேடினர். நாள்கள் பல கழிந்தன. ஒரு விதைகூடக் கிடைக்கவில்லை. மறுநாளோடு பணியை முடித்துக்கொள்வது என்னும் நிலை வந்தது. மார்ச்சு 30ஆம் நாள் மாலை, ஏறத்தாழ 6 மீட்டர் ஆழத்து மண்ணிலிருந்து பள்ளி மாணவி ஒருவர் தாமரை விதை ஒன்றைக் கண்டெடுத்தார். அந்த ஒரு விதையால் அகழ்வு தொடர்ந்தது. ஏப்ரல் 6ஆம் நாள் மேலும் இரண்டு விதைகள் கிடைத்தன. ஆக, அத்துணை பேருடைய உழைப்பின் பயன் மூன்றே விதைகள்.

மூன்றில் ஒன்று

இப்போது ஓகாவின் முன் ஒரு கேள்வி நின்றது. கார்பன் முறையில் விதையின் வயதை அறிய வேண்டுமானால் அதனை எரித்தாக வேண்டும். எரித்தால் வயது தெரியும், உயிர் போய்விடும். முளைக்க வைத்தால் உயிர் நிலைக்கலாம். அதன் வயதை நேரே அறிய இயலாது. ஓகா மூன்று விதைகளையும் முளைக்க வைக்கவே முனைந்தார்.

மே மாதத் தொடக்கத்தில், ஃபுச்சு நகரிலிருந்த தம் வீட்டிலேயே அவர் அப்பணியை மேற்கொண்டார். மூன்று விதைகளில் இரண்டு பயன் தரவில்லை. எஞ்சியது ஒன்றே. அது, மாணவி கண்டெடுத்த முதல் விதை. அந்த விதை முளைத்தது. முதலில் நீரில் மிதக்கும் சிறிய இலைகள் தோன்றின. பின்னர் நீருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் பெரிய இலைகள் வளர்ந்தன. செடி சிபாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஓரிடத்தில் கெட்டாலும் மற்றோரிடத்தில் பிழைக்கட்டும் என்று அதன் கிழங்குகளைப் பிரித்து வெவ்வேறு இடங்களில் நட்டனர்.

1952ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் அத்தாமரை முதன்முதலாகப் பூத்தது. இளஞ்சிவப்பு நிறத்தில் பெரிய மலர். தாமரை மலர் காலையில் விரிந்து நண்பகலுக்குள் கூம்பும். நான்காம் நாளில் இதழ் உதிரும். நான்கு நாள் வாழும் அந்தப் பூ, நெடுங்காலம் மண்ணுக்குள் காத்திருந்த விதையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் லைஃப் இதழ் அச்செய்தியை உலகுக்கு அறிவித்தது.

விதையின் வயது

அகழ்வில் கிடைத்த ஓடத்தின் மரத்துண்டு சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆராயப்பட்டது. அது ஏறத்தாழ 3000 ஆண்டு பழமையானது என்று தெரிந்தது. ஆனால் ஓடத்தின் வயதே விதையின் வயது என்று ஓகா கூறிவிடவில்லை. அவர் எச்சரிக்கையோடு கணித்து, அத்தாமரையை 2000 ஆண்டுப் பழமை உடையதென மதிப்பிட்டார். பெரிய எண்ணைச் சொல்லிப் புகழ் பெறுவதினும், தம்மால் ஏற்கத்தக்க அளவில் நிற்பதையே அவர் விரும்பினார்.

இன்றும் மலர்கிறது

அத்தாமரைக்கு அவர் பெயரால் ஓகா தாமரை என்று பெயர் வழங்கலாயிற்று. 1954ஆம் ஆண்டில் சிபா மாநில அரசு அதனை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது. அதன் கிழங்குகளும் விதைகளும் ஜப்பானின் பல ஊர்களுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றன. சென்ற இடங்களில் அவை வேரூன்றிப் பூத்தன. 1965ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள், தம் 82ஆம் வயதில் ஓகா இயற்கை எய்தினார். 1993ஆம் ஆண்டில் சிபா நகரம் ஓகா தாமரையைத் தன் நகர மலராக ஏற்றது. ஒவ்வோர் ஆண்டும் கோடைக்காலத்தில், அந்நகரப் பூங்காக் குளத்தில் அது மலர்கிறது. அம்மலர்களைக் காண விடியற்காலையிலேயே மக்கள் கூடுகின்றனர்.

பொருள் அறிக

பொகுட்டு – தாமரைப் பூவின் நடுவில் விதைகளைத் தாங்கும் பகுதி
அகழ்வு – நிலத்தைத் தோண்டி ஆராய்தல்
அரம் – தேய்க்க உதவும் கருவி
கூம்பும் – குவியும்
எஞ்சியது – மீதியிருந்தது

விடை எழுதுக

1. புலாந்தியனில் தாமரை விதைகள் எங்கே கிடைத்தன?
2. தாமரை விதையை முளைக்கச் செய்யும் முறையை விளக்குக.
3. கெமிகாவாவில் விதை இருக்கும் என்று ஓகா எண்ணியது ஏன்?
4. மார்ச்சு 30ஆம் நாள் மாலை விதை கிடைக்காமல் போயிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்?

சிந்தித்து எழுதுக

மூன்று விதைகளில் ஒன்றை எரித்து வயதை அறிந்திருக்கலாமா? உன் கருத்தைக் காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.

பிரித்து எழுதுக

நீருக்கடியில், இளஞ்செடி, வேரூன்றி, நண்பகல்